மாலை வண்டிக்கு ஓடும் மாணவிக்கு நட்பு எப்போது வாய்க்கும்?

கேள்வி: நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். வீடு அரக்கோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். அதிகாலை ஐந்தேகால் மணிக்கு அப்பா என்னை வண்டியில் ஏற்றி நிலையத்தில் விடுவார். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து, எட்டரை மணி வகுப்புக்குப் போகிறேன். மாலை நாலேகாலுக்கு வகுப்பு முடிந்த உடனே ஓடினால்தான் ஏழரைக்குள் வீடு சேர முடிகிறது. வகுப்பில் 60 பேர். அவர்களில் 38 பேர் விடுதியில் இருக்கிறார்கள். ஒரு பருவம் முடிந்துவிட்டது. எல்லோரும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் எனக்கென்று ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அவர்கள் சிரிக்கும் எதுவும் எனக்குப் புரிவதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குப் போன படங்களைப் பிறகு வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறேன். பள்ளியில் எனக்கு நிறையத் தோழிகள் இருந்தார்கள். இப்போது நான் மாறிவிட்டேனா? அடுத்த ஆண்டு விடுதியில் சேர வேண்டுமா? ‘வீட்டுச் சாப்பாடு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு’ என்கிறார் அப்பா.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களிடம் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; உங்கள் நாளில் நட்புக்கென்று மிச்சமிருக்கும் நேரம்தான் மிகவும் குறைவாக இருக்கிறது. பள்ளியில் நிறையத் தோழிகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நட்புக்காக நீங்கள் தனியாக எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். ஒரே தெருவழியாக நடந்து போனதும், ஒரே பெஞ்சில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்ததும், மழை நின்ற பிறகு போகலாம் என்று தாழ்வாரத்தில் ஒன்றாகக் காத்திருந்ததும் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டன. கல்லூரியில் அந்தத் தாழ்வாரம் விடுதிக்குள் போய்விட்டது. நீங்கள் அதற்கு வெளியே இருக்கிறீர்கள்.

இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் விசாரித்து, 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அந்தக் கணக்கின் சாரம். இவை நம்மூருக்கு அச்சுப்பிசகாமல் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆய்வில் வந்த இன்னொரு செய்தியை இத்தனை ஆண்டுகளாக மாணவர்களிடம் பேசிப் பேசி நானே கண்டிருக்கிறேன்: கடமைக்காக ஒரே இடத்தில் இருந்த நேரம், அதாவது வகுப்பிலும் வேலையிலும் கழிந்த நேரம், நட்பின் கணக்கில் அவ்வளவாகச் சேர்வதில்லை. சும்மா இருந்த நேரம்தான் சேர்கிறது.

இப்போது உங்கள் வகுப்புத் தோழியர் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் விடுதி அறையில் இரவு இரண்டு மணி நேரம் எதையாவது பேசிக்கொண்டிருந்தால், 25 நாள்களில் 50 மணி நேரம் ஆகிவிடுகிறது. முதல் பருவம் முடிவதற்குள் 200ஐயும் எட்டிவிடுகிறார்கள். அவர்கள் உங்களைவிடக் கலகலப்பானவர்களாகவோ துணிச்சலானவர்களாகவோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே பருவத்தில் உங்களுக்கு யாருடனாவது அப்படிச் சும்மா கிடைத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பத்து மணி நேரம் தேறினால் அதிகம். திங்கட்கிழமைச் சிரிப்பு உங்களுக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சிரிப்பின் முதல் பாதி ஞாயிற்றுக்கிழமையே நடந்து முடிந்துவிட்டது.

கடற்கரைப் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதியில் ஒன்பது மணிக்குப் புறப்படும் பயணம் பெரும்பாலும் எட்டே முக்காலுக்குத்தான் முடிவாகும். யாரோ ஒருத்தி ‘போகலாமா’ என்பாள், கதவருகே நிற்பவர்கள் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். எழுபது கிலோமீட்டர் தொலைவில் இரவுச் சாப்பாடு முடித்துப் படுக்கப் போகும் ஒருவரை அந்த நேரத்தில் யாரும் ஒதுக்கிவைப்பதில்லை, நினைக்காமல் விட்டுவிடுகிறார்கள். மனம் வலிப்பது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது வேறாகிறது. ஒதுக்குகிறவர்களிடமிருந்து விலக வேண்டும். நினைக்காமல் விடுகிறவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டுக் கவனிக்காமல் கடந்துபோன ஓர் எண் இருக்கிறது. அறுபது பேரில் 38 பேர் விடுதி என்றால், மீதி 22 பேரும் உங்களைப் போன்ற டே ஸ்காலர்கள்தானே? அவர்களில் ஒருவரைப் பற்றிக்கூடக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இது உங்கள் பிழை என்று நான் சொல்லவில்லை. தினமும் வந்துபோகும் மாணவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதே இல்லை என்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். விடுதிக்காரர்கள் கூட்டமாகத் தெரிகிறார்கள். டே ஸ்காலர்கள் பையை மாட்டிக்கொண்டு ஆவடிக்கும் பல்லாவரத்துக்கும் திருவொற்றியூருக்குமாகத் தனித்தனியே ஓடுகிறார்கள். ஆனால் மதிய இடைவேளையில் விடுதி மாணவியர் சாப்பிட மெஸ்ஸுக்குப் போய்விட, வகுப்பறையிலேயே டப்பாவைத் திறப்பது இந்த 22 பேர்தான். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதை எழுதவில்லை. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, அரைத்தூக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நாலரை மணிக்கு எழுந்தவரை அதற்காக யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த மதிய நேரத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்து, ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள்கள் என்று கணக்கிட்டால், 60 மணி நேரம் வருகிறது. ஒரே இரண்டு மூன்று பேருடன், ஒரே இடத்தில், ஒரு பருவம் முழுவதும் சாப்பிட்டால், உங்கள் ரயில் நேரத்தை ஒரு நிமிடம்கூட மாற்றாமல் முதல் படியைத் தாண்டிவிடுவீர்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. இன்று ஒரு பெஞ்சு, நாளை ஒரு பெஞ்சு என்று 22 பேரிடமும் நல்லபெயர் வாங்க முயன்றால், ஆளுக்கு மூன்று மணி நேரம்கூடத் தேறாது. ஆகவே இருவரைத் தேர்ந்தெடுங்கள். யாரை என்று கேட்டால், மனத்துக்கு மிகவும் பிடித்தவரைத் தேடி அலையாமல், ஏற்கெனவே உங்கள் அருகில் இருப்பவரிடம் தொடங்குங்கள் என்பேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு 1974இல் வெளியானது. அங்கே பயிற்சி பெற்றவர்களுக்கு இருக்கையும் தங்கும் அறையும் பெயரின் அகரவரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. உங்கள் நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் தங்கள் பெயருக்கு அருகில் இருந்த பெயர்களாகவே இருந்தனவாம். நம் கல்லூரிகளில் பதிவு எண் வரிசைப்படி ஆய்வகக் குழு பிரிக்கிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்காரர்களுடன் இன்னும் ஏழு பருவங்களுக்கு ஆய்வகத்திலும் வைவா வரிசையிலும் நீங்கள் நிற்கப்போகிறீர்கள். ரெக்கார்டு நோட்டை வாங்கிக் கொடுப்பதும், அவுட்புட் வராமல் விழிப்பதும், கையெழுத்துக்காகப் பேராசிரியர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நிற்பதும் அவர்களோடுதான். அந்த வாசலில் நிற்கும் நேரம் இருக்கிறதே, அது கடமை நேரம்போலத் தோன்றினாலும் உண்மையில் சும்மா இருக்கும் நேரம். அதைக் கைப்பேசியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது மாலை. ஐந்து நாளும் நாலேகாலுக்கே ஓடுவது என்ற வழக்கத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு நாளை மட்டும் மாற்றிக்கொள்ள முயலுங்கள். எந்த நாள் என்பதை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அது வியாழன் என்றால் எல்லா வாரமும் வியாழனாகவே இருக்கட்டும். அப்போதுதான் வீட்டிலும் வாரந்தோறும் புதிதாக மன்றாட வேண்டியிருக்காது. கல்லூரியிலும் ‘வியாழன் இவள் இருப்பாள்’ என்று மற்றவர்கள் மனத்தில் பதியும். அப்பாவிடம் இதைக் கேட்கும்போது நட்பின் அவசியத்தைப் பற்றி விரிவுரை செய்வதால் பயனில்லை. எந்த வண்டியில் ஏறுவீர்கள், அது எத்தனை மணிக்கு அரக்கோணம் சேரும், பெண்கள் பெட்டியில் திருவள்ளூர் வரைக்கும் யார் கூட வருகிறார்கள், வண்டி தாமதமானால் எங்கிருந்து அழைப்பீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு மகள் வருவாள் என்ற சொல்லுக்கு அஞ்சும் பெற்றோர், இன்ன வண்டியில் இன்னாருடன் வருவாள் என்ற சொல்லுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து உங்களை நிலையத்தில் கொண்டுவந்து விடுகிற மனிதர், காரணத்தோடு கேட்டால் காது கொடுப்பார் என்றே நினைக்கிறேன்.

யாராவது எங்காவது அழைத்து, நீங்கள் போக முடியாமல் போகும் நேரங்கள் இனியும் நிறைய வரும். அப்போது ‘ரயிலுக்கு நேரமாகிறது, வரவில்லை’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூன்று முறை அந்தப் பதிலைக் கேட்டவர்கள் நான்காவது முறை கேட்பதில்லை. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணத்தாலேயே கேட்காமல் விடுவார்கள். ‘இன்றைக்கு முடியாது, வியாழக்கிழமை கேண்டீனில் ஒரு டீ குடிக்கலாமா’ என்று மறுப்போடு ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அதை மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆய்வகக் குழுவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். விடுதிக்காரர்களின் குழுவில் இடம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவதைவிட, ‘நாளைக்கு லேப் உண்டா, மாடல் எக்ஸாம் தேதி மாறிவிட்டதா’ என்று எல்லோரும் வந்து விசாரிக்கும் ஒரு சிறு குழு உங்கள் கையில் இருப்பது நல்லது.

விடுதியில் தங்காமலே விடுதியின் பயனைத் தரக்கூடிய ஒன்று உங்கள் வளாகத்திலேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தைத்தான் சொல்கிறேன். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அவற்றுக்கிடையே ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு. சான்றிதழுக்காகச் சேர்பவர்களே அதிகம் என்பதை நான் அறிவேன். இருக்கட்டும். உங்களைப் பொறுத்தவரை அந்த ஏழு நாள் முகாம்தான் முக்கியம். ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, காலையில் குளத்தைத் தூர்வாரி, மாலையில் ஐம்பது பேருக்கு வெங்காயம் உரித்து, இரவு கொசுக்கடியில் தூங்காமல் கதை பேசும் அந்த ஒரு வாரத்தில், நீங்கள் முதல் பருவம் முழுவதும் இழந்த நேரம் மொத்தமாகத் திரும்பி வரும். எங்கள் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவியரிடம் ‘உங்கள் கூட்டம் எப்படி உருவானது’ என்று கேட்டால், டே ஸ்காலர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஏதோ ஒரு முகாமில்தான் தொடங்குகிறது. இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்திருந்தால் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். முகாமில் மாணவியருடன் எந்தப் பேராசிரியை தங்குகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ரயிலைப் பற்றி நீங்கள் குறையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நானும் மூன்றாண்டுகள் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து படித்தவள். இன்றுவரை நீடிக்கும் என் நட்புகளில் ஒன்று அந்தப் பெட்டியில் கிடைத்தது. அவர் என் கல்லூரியில்லை, என் பாடமுமில்லை, என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆயுத பூஜை நேரத்தில் தாங்கள் வழக்கமாக ஏறும் பெட்டிக்கு மாலை கட்டிப் பொரிகடலை கொடுக்கும் சீசன் டிக்கெட் பயணிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் ஒரே பெட்டியில், ஏறக்குறைய ஒரே இடத்தில் ஏறினால், இரண்டு வாரத்தில் உங்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள ஒருவர் இருப்பார். காலையில் நீங்கள் தூங்கிக்கொண்டே வருவதுதான் நல்லது. அந்தத் தூக்கத்தை நட்புக்காகக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏனென்றால் தூக்கம் கெட்டவருக்கு எதிரே இருப்பவரின் சாதாரணப் பேச்சும் எரிச்சலூட்டும். மாலை வண்டியில் பேசலாம். ஆனால் ரயில் தோழி வகுப்புத் தோழிக்கு மாற்றாக மாட்டார். வகுப்பு ரத்தானதை உங்களுக்குச் சொல்ல வகுப்பில் ஒருவர் வேண்டும்.

இவை எல்லாவற்றையும் படித்துவிட்டு, ‘நானாகப் போய்ப் பேசினால் தொல்லை என்று நினைப்பார்களே’ என்று நீங்கள் தயங்குவீர்கள். இந்தத் தயக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எரிக்கா பூத்பி முதலிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறையாகப் பேசிக்கொண்ட இருவரிடமும் தனித்தனியே கேட்டபோது, எதிரில் இருந்தவருக்கு உண்மையில் தங்களை எவ்வளவு பிடித்திருந்ததோ, அதைவிடக் குறைவாகவே இருவரும் மதிப்பிட்டார்கள். பேச்சு முடிந்த பிறகு நாம் சொன்ன அசட்டுத்தனமான ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப நினைக்கிறோம். எதிரில் இருந்தவரோ தான் சொன்ன அசட்டுத்தனத்தை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

விடுதியில் இருப்பவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்களுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் மெஸ் சாம்பார் சாப்பிடும் பெண்களுக்கு, உங்கள் அம்மாவின் சமையலின் மதிப்பு உங்களைவிட நன்றாகத் தெரியும். இருவருக்குச் சேர்த்து ஒரு நாள் டப்பா கொண்டுபோங்கள். பழக்கம் கொஞ்சம் கூடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். அரக்கோணத்தை அடுத்துத் திருத்தணி இருக்கிறது. காலையில் முருகன் கோயிலின் 365 படிகளையும் ஏறி இறங்கி, மதியம் உங்கள் வீட்டில் சாப்பிட்டு, மாலை வண்டியில் அவர்களை ஏற்றிவிடலாம். உங்கள் தோழியரை நேரில் பார்த்துவிட்டால் அப்பாவின் மனத்தில் வியாழக்கிழமை மாலைகளைப் பற்றிய கவலையும் குறையும். அடுத்த திங்கட்கிழமைச் சிரிப்பில் ஒரு பங்கு உங்களுடையதாகவும் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தனிமை என்பது வேறு, சோர்வு நோயாக மாறுவது வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருமானால், தோழி கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரைப் பாருங்கள். இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறி எதுவும் தென்படவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கடைசியாக விடுதி. நட்புக்காக மட்டும் இப்போதே விடுதிக்கு மாறுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஏற்கெனவே ஒன்றுசேர்ந்துவிட்ட அறைகளில் இரண்டாமாண்டு புதிதாக நுழைபவர், நான்கு பேருக்கு நடுவே தனியாக இருக்க நேர்வதும் உண்டு. அது ரயிலில் தனியாக இருப்பதைவிடக் கடினம். ஆனால் நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் போவது உங்கள் உடம்பையும் படிப்பையும் பாதிக்கிறது என்றால், அது தனிக் காரணம். அதை அப்பாவிடம் மதிப்பெண்ணோடும் மருத்துவக் காரணத்தோடும் எடுத்துப் பேச வேண்டும், தோழிகளைக் காட்டி அல்ல. இந்தப் பருவம் முடியும்வரை மதியச் சாப்பாட்டையும் வியாழக்கிழமைகளையும் முயன்று பாருங்கள். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வருவதற்குள், எந்த அறையில் யாருடன் தங்கலாம் என்று கேட்க உங்களுக்கு வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். அப்போது மீண்டும் எழுதுங்கள். விடுதியா ரயிலா என்பதைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.